சதுரங்கமும் அறுபடாத தொடர்ச்சியும்

2024 டிசெம்பர் 12 ஆம் திகதி சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரெனை வென்று, சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷ் உலகச் சதுரங்கச் சம்பியனானார். பிறவி மேதை என்ற சொல் அன்று பலராலும் உச்சரிக்கப்பட்டது. அச்சொல் பாதி உண்மையையே கூறுகிறது என்பது எனது கருத்து. மறுபாதியை அறிய அரை நூற்றாண்டுக்கு மேலாகப் பின்னோக்கிச் செல்லவேண்டும்.

பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த மானுவல் ஆரோன், 1961 இல் இந்தியாவின் முதலாவது சர்வதேச மாஸ்டரானார். சிப்பாய் முதல் நகர்விலும் ஒரு கட்டமே செல்லும் பழைய நாட்டு விதிகளின்படி ஆடியோர் அன்று இந்தியாவில் பலர் இருந்தனர். சர்வதேச ஆட்டத்தை நூல்களின் துணையுடன் பயின்ற ஆரோன், 1959 முதல் 1981 வரையிலான காலத்தில் ஒன்பது தடவைகள் தேசிய சம்பியனானார். தாம் கற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமையே அவரது பெரும் பணி. 1972 இல் சென்னை சோவியத் கலாசார நிலையத்தில், முன்னாள் உலகச் சம்பியன் மிகைல் தாலின் பெயரில் தொடங்கப்பட்ட கழகத்தின் பின்னணியில் அவர் இருந்தார்.

அக்கழகத்துக்கு வந்த சிறுவர்களுள் ஒருவர் விஸ்வநாதன் ஆனந்த். ஆறு வயதில் தாயாரிடம் ஆட்டம் கற்றவர். தந்தையாரின் பணி நிமித்தம் மணிலாவில் வாழ்ந்த காலத்தில், பகலில் தொலைக்காட்சியில் வரும் சதுரங்கப் புதிர்களைத் தாயார் குறித்துவைப்பார். பாடசாலை விட்டு வந்ததும் இருவரும் விடை காண்பர். தால் கழகத்தின் விரைவாட்டங்களில் வென்றவர் பலகையில் தொடர்வார், தோற்றவர் வரிசையின் கடைசிக்குச் செல்லவேண்டும். இருக்கையைத் தக்கவைக்க வென்றேயாக வேண்டும். இவ்வாறு பயின்றவர் 1988 இல் இந்தியாவின் முதலாவது கிராண்ட்மாஸ்டரானார். பின்னர் உலகச் சம்பியனுமானார். அவர் வழிகாட்டிய இளையோருள் குகேஷும் ஒருவர்.

சோவியத் மரபின் ஆசானான பொத்வின்னிக், தமது ஆட்டங்களைத் தாமே ஆராய்ந்து, அந்த ஆய்வைப் பிறரது விமர்சனத்துக்காக வெளியிடும்படி வலியுறுத்தியவர். கார்ப்போவ், கஸ்பரோவ், கிராம்னிக் ஆகிய மூன்று உலகச் சம்பியன்கள் அவரது பள்ளியில் பயின்றனர். நகர்வுகளை எழுதிவைத்தல், தோற்ற ஆட்டத்தை மீண்டும் பரப்பிப் பார்த்தல், காய்கள் குறைந்த இறுதிக்கட்டத்தைத் திரும்பத் திரும்பப் பயிலுதல் என்பவையே முன்னேற்றத்தின் வழி. இதற்கு நூல்கள் வேண்டும். எதிரே அமர ஓர் ஆள் வேண்டும். நாள்தோறும் திறந்திருக்கும் ஓர் இடமும் வேண்டும்.

எமது குடாநாட்டில் போர் பறித்தவை இவையே. 1981 யூன் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. 1990 இன் பின்னர் பல ஆண்டுகள் மின்சாரம் இருக்கவில்லை. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் இடம்பெயர்ந்தனர். ஜாம் போத்தல் விளக்கின் ஒளியில் படித்துப் பரீட்சைகளில் சித்தியெய்திய தலைமுறைக்கு உழைப்பைப் பற்றி எவரும் போதிக்கத் தேவையில்லை. ஆனால், பாடத்தைத் தனியே அமர்ந்து படிக்கலாம்; சதுரங்கத்துக்கோ எதிராளி வேண்டும். அவ்வெதிராளிகள் ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் பாரிஸுக்கும் சிதறிப்போயினர்.

நூலகம் மீண்டும் எழுந்துவிட்டது. பாடசாலைகளிலும் சதுரங்கப் போட்டிகள் நடைபெறுகின்றன. ஆனால் போட்டி முடிந்ததும் பலகையை அலமாரியில் வைத்துப் பூட்டினால் அது வெறும் பரிசளிப்பு விழாவாகவே முடியும். எமது ஊர்களில் பத்திரிகை வாசிப்பதற்கெனச் சனசமூக நிலையங்களை வளர்த்தவர்கள் நாங்கள். அங்கே மாலை வேளைகளில் இரண்டு பலகைகளும் ஒரு கடிகாரமும் ஆட்டங்களைக் குறிக்க ஒரு கொப்பியும் இருக்கட்டும். புலம்பெயர்ந்தோர் வெற்றிக் கிண்ணங்களுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பகுதியை நூல்களுக்கும் பயிற்றுநருக்கும் ஒதுக்கலாம். தால் கழகம் தொடங்கி 16 ஆண்டுகளின் பின்னரே ஆனந்த் கிராண்ட்மாஸ்டரானார். அத்தனை காலம் கதவைத் திறந்துவைத்திருக்கும் பொறுமை எமக்கு உண்டா என்பதே கேள்வி.