ஜேம்ஸ் வான் டெர் ஸீ: ஹார்லெம் மக்களின் மணப்படக் கலைஞர்

ஒரு வீட்டிற் கலியாணம் நிறைவேறியபின் பந்தலைப் பிரிப்பர். வாழை மரம் வாடும். உறவினர் அவரவர் ஊர்க்கு மீள்வர். அந்நாளுக்குச் சாட்சியாய் நெடுங்காலம் நிற்பது கூடத்துச் சுவரில் மாட்டிய படமே. அதனை எடுத்தவர் யாரென்று வினவுவார் அரியர். அமெரிக்க ஐக்கிய நாட்டில், நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில், கறுப்பின மக்களின் மணக்கோலங்களை அரை நூற்றாண்டாகப் படம் பிடித்துவந்த ஜேம்ஸ் வான் டெர் ஸீ என்பவரின் வரலாற்றை நம் அங்கத்தினர்க்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

அயல்நாட்டார் ஒருவரின் சரிதம் நம் சங்கத்தின் சஞ்சிகையில் எதற்கென்று சிலர் கேட்கக்கூடும். சென்னை அரசாங்கப் பொருட்காட்சிசாலையின் தலைவராயிருந்த எட்கார் தர்ஸ்டன் துரை, தென்னிந்திய ஜாதிகளையும் குலங்களையும் பற்றி 1909-ம் வருஷத்தில் 7 பாகங்களடங்கிய நூலை வெளியிட்டார். அதன் பொருட்டு இந்நாட்டு மக்களை நிறுத்திவைத்துத் தலையின் நீள அகலங்களையும் மூக்கின் அளவையும் கருவிகொண்டு அளந்தார், படமும் பிடித்தார். படத்தின் கீழே பெரும்பாலும் ஜாதியின் பெயர் இருக்கும். ஆளின் பெயர் இராது. அப்படங்களையும், அக்காலத்தவர் தாமே பணங்கொடுத்து, நல்லாடை புனைந்து, நாற்காலியில் அமர்ந்து எடுப்பித்துக்கொண்ட படங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். பிறர் நம்மைப் பிடித்த படம் ஒன்று. நாம் நம்மைப் பிடிப்பித்துக்கொண்ட படம் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமையை வான் டெர் ஸீயைப்போல் விளக்கியவர் வேறொருவரை நாம் அறியோம்.

இவர் 1886-ம் வருஷம் ஜூன் மாதம் 29-ந் தேதி மாஸசூஸெட்ஸ் மாகாணத்து லெனாக்ஸ் என்னும் சிற்றூரிற் பிறந்தார். வாசனைப் பொடிப் பொட்டலங்களை விற்றுக்கொடுத்தால் காமிரா பரிசாகக் கிடைக்கும் என்றொரு விளம்பரத்தைக் கண்டு, சிறுவராயிருந்தபோதே அவ்வாறு விற்று ஒரு காமிராவைப் பெற்றார். அது விளையாட்டுப் பொருளேயன்றிப் பயன்படுவதாயில்லை. பின்னர் வேறொன்று வாங்கி வீட்டாரையும் பள்ளித் தோழரையும் படம் எடுத்துப் பழகினார். 1906-ல் நியூயார்க் சேர்ந்து, உணவு பரிமாறுபவராகவும் மின்தூக்கி இயக்குபவராகவும் ஜீவனம் செய்தார். வயலினும் பியானோவும் வல்லவராதலின் சங்கீதத்தாலும் சிறிது பொருள் வந்தது. 1915-ல் நியூவார்க் நகரத்துப் பெருங்கடையொன்றில் இருட்டறை வேலைக்கு அமர்ந்தார். முதலாளி இல்லாத வேளைகளில் இவரே படம் பிடிப்பார். அவர் அமர்த்தும் பாங்கைக்கண்டு வாடிக்கைக்காரர் இவரையே விரும்பினர் என்ப. 1916-ஐ ஒட்டி ஹார்லெமின் 135-வது தெருவில் தம் சொந்த ஸ்டூடியோவைத் திறந்தார். அதில் துணைநின்ற கேனெல்லா கிரீன்லீ அம்மையார் பின்னர் இவருக்கு மனைவியானார்.

அது தென் மாகாணங்களின் கொடுமைக்கு அஞ்சிக் கறுப்பின மக்கள் பல்லாயிரவராய் வடபுல நகரங்களுக்குக் குடிபெயர்ந்த காலம். 1865-ல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தும், அஞ்சலட்டைகளிலும் விளம்பரங்களிலும் நாடக மேடைகளிலும் அவர்களைக் கேலியுருவாகவே காட்டிவந்தனர். அத்தகைய மக்கள் மணம் முடித்து இவர் ஸ்டூடியோவிற்கு வந்தனர். வாரமுழுதும் பிறர் வீட்டு வேலை செய்த கைகளில் அன்று மலர்ச்செண்டு இருந்தது. அவர்களைச் சீமான் சீமாட்டியரைப்போல் அமர்த்துவார் வான் டெர் ஸீ. பின்னே கணப்பு எரியும் மாளிகைக் கூடம் தீட்டிய திரை தொங்கும். தலையின் சாய்வு, விரல்களின் அமைதி, முக்காட்டின் மடிப்பு ஒவ்வொன்றையும் தாமே திருத்துவார். முகூர்த்த வேளையில் படக்காரரின் முதுகை மட்டும் தரிசித்து வீடு திரும்பும் இக்கால விருந்தினர்க்கு இப்பொறுமை வியப்பளிக்கக்கூடும்.

படம் எடுத்தபின்னரே அவரது மெய்யான வேலை தொடங்கிற்று. எதிர்ப்படத்தில் ஒளி இருளாகவும் இருள் ஒளியாகவும் பதிந்திருக்கும். முகத்தின் சுருக்கம் அதில் தெளிந்த கோடாய்த் தெரியும். அக்கோட்டைக் கூரிய பென்சிலால் நிரப்பினால் காகிதத்தில் சுருக்கம் மறையும். இவ்வாறு முகத்தைத் திருத்தினார். வெறுங் கழுத்திற்கும் விரலுக்கும் அணிகள் வரைந்தார். ஒவ்வொரு படமும் ஆளைவிட அழகாயிருக்கவேண்டும் என்பதே தம் முயற்சி என்று பின்னாளில் அவரே கூறியிருக்கின்றார். 1926-ல் எடுத்த மணப்படம் ஒன்று மிகப் பிரசித்தம். மணமக்களின் அருகே, பொம்மையுடன் ஒரு சிறுமி நிழல்போல் மெல்லெனத் தோன்றுகின்றாள். இரண்டு எதிர்ப்படங்களை ஒரே காகிதத்தில் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் பதித்து, இனிப் பிறக்கவிருக்கும் மகவை அவர்களுக்கு அன்றே காட்டிவிட்டார். தம் மகனைக் குழவிப் பருவத்திலும் மகளை இளமையிலும் இழந்தவர் இவர் என்பதையும் இங்கு நினைவிற் கொள்க.

இல்லாத நகையை வரைவது பொய்யன்றோ என வினவுவார்க்கு நம் விடை இது. தர்ஸ்டன் துரையின் அளவுகோல் பொய் சொல்லவில்லை. ஆயினும் அளக்கப்பட்டவர் தம்மை யாரென்று கருதினார் என்பதை அது சொல்லவேயில்லை. வான் டெர் ஸீயின் பென்சில் கழுத்தைப் பற்றிப் பொய் சொல்லியிருக்கலாம். அக்கழுத்துக்குரியவளின் எண்ணத்தைப் பற்றி மெய்யே சொல்லிற்று. வரலாறு எழுதப் புகுவார்க்கு இரண்டும் வேண்டும். நம் வீடுகளில் மிகுதியாய்க் கிடைப்பது இரண்டாவதே. கரையானுக்கு இரையாவதும் அதுவே.

நிற்க. 1924-ல் மார்க்கஸ் கார்வியின் இயக்கத்திற்கு இவர் அதிகாரபூர்வப் படக்காரராயிருந்ததும், சவ அடக்கங்களையும் சங்கக் கூட்டங்களையும் எடுத்ததும் தனியே விரித்தற்குரியன. இரண்டாம் உலக யுத்தத்தின்பின் வீட்டிற்கொரு காமிரா வந்தது. ஸ்டூடியோவிற்கு வருவார் குறைந்தனர். பாஸ்போர்ட் படம் எடுத்தும், பழம்படங்களைப் புதுக்கிக்கொடுத்தும் காலந்தள்ளினார். 1967-ல் மெட்ரோபாலிட்டன் பொருட்காட்சிசாலையின் சார்பில் ஹார்லெமைப் பற்றிய கண்காட்சிக்குப் படம் தேடிவந்தவர் ஒருவர் இவரது கடையிற் புகுந்து, அடுக்கடுக்காய் இருந்த பெட்டிகளைக் கண்டு திகைத்தார். 1969-ல் நடந்த அக்கண்காட்சியில் இவருடைய படங்களே மிகுதி. ஹார்லெமின் ஓவியரும் சிற்பியரும் தம்மைப் புறக்கணித்தமைக்காக அதன் வாயிலில் மறியல் செய்தனர். அதே ஆண்டிலேயே 80 பிராயம் கடந்த வான் டெர் ஸீயும் மனைவியும் தாம் குடியிருந்த லெனாக்ஸ் அவென்யூ வீட்டினின்றும் வெளியேற்றப்பட்டனர். புகழ் வாயிலில் வந்து நிற்க, தட்டுமுட்டுச் சாமான்கள் தெருவிற் கிடந்தன.

எதிர்ப்படங்களின் உரிமைபற்றி வழக்கும் எழுந்தது. ஆயினும் முதியவர் மீண்டும் காமிராவை எடுத்து, முகம்மது அலி முதலிய புகழ்பெற்றோரைத் தம் பழைய பாணியிலேயே அமர்த்திப் படம் பிடித்தார். 1983-ம் வருஷம் மே மாதம் 15-ந் தேதி, தம் 96-ம் பிராயத்தில், வாஷிங்டன் நகரிற் காலமானார். 2021-ல் மெட்ரோபாலிட்டன் பொருட்காட்சிசாலையும் ஹார்லெம் ஸ்டூடியோ மியூசியமும் கூடி, ஏறக்குறைய 20,000 அச்சுப்படங்களும் 30,000 எதிர்ப்படங்களும் அடங்கிய அவரது சேமிப்பைப் பேணும் பொறுப்பை ஏற்றன.

தம் கையொப்பத்தையும் ஆண்டையும் எதிர்ப்படத்தின் மேலேயே பொறித்துவைப்பது அவர் வழக்கம். அதனால் எந்தப் படம் எந்த ஆண்டினது என்று இன்று சொல்லமுடிகின்றது. அமர்ந்தவரின் பெயரை எழுதிவைக்க வேண்டியவர் வீட்டாரே. 1926-ம் வருஷத்து அப்படத்திற்கு எதிர்காலத்தைக் குறிக்கும் அழகிய தலைப்பு உண்டு. மூலையில் எடுத்தவர் பெயரும் உண்டு. நிழலாய்த் தோன்றும் குழந்தையும் உண்டு. மணமகளின் பெயர் அதில் இல்லை.