பெயரிலேயே பிடிபடும் பிழை: ஆக்‌ஷன்ஸ்கிரிப்டில் ஸ்டாடிக் வகுப்புகளும் மாறிலிகளும்

பொத்தானை அழுத்தினால் ஒன்றுமே நடப்பதில்லை. கம்பைலர் நிரலை மறுப்பின்றி ஏற்றுக்கொண்டது, ஓடும்போதும் பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. அரை நாள் தேடிய பிறகு காரணம் அகப்படுகிறது: நிகழ்வைக் கவனிக்கச் சொல்லும் வரியில், "கிளிக்" என்ற ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது. ஃபிளாஷின் நிரல்மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 3.0இல் நிகழ்வின் பெயர் வெறும் சரம்தான். எந்தச் சரத்தைக் கொடுத்தாலும் ஆட்ஈவென்ட்லிசனர் என்ற செயற்கூறு அதை வாங்கி வைத்துக்கொண்டு, ஒருபோதும் வராத நிகழ்வுக்காகக் காத்திருக்கும். அதே வரியில் மவுஸ்ஈவென்ட் வகுப்பின் கிளிக் என்ற மாறிலியை எழுதி, அதில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தால் கதையே வேறு. அப்படி ஒரு பண்பு அந்த வகுப்பில் இல்லை என்று 1119ஆம் எண் பிழையுடன் கம்பைலர் அங்கேயே நிறுத்திவிடும்.

இந்த மொழியில் மாறிலிகளுக்கான முழு நியாயமும் இந்த வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது. மாறிலி வேகத்தைக் கூட்டுவதில்லை, நினைவகத்தை மிச்சப்படுத்துவதும் இல்லை. ஓடும்போது ஊமையாகக் கிடக்கும் பிழையை, கம்பைல் செய்யும்போதே பேச வைக்கிறது. ஆப்ஜெக்ட்டுக்கு அன்றி வகுப்புக்கே உரிய ஸ்டாடிக் உறுப்புகளையும் இதே அளவுகோலால்தான் மதிப்பிட வேண்டும். பெயர்களையும், உள்ளீட்டை மட்டுமே நம்பியிருக்கும் கணக்குகளையும் ஸ்டாடிக்காக வைத்தால் பிழைகள் முன்கூட்டியே தெரியவரும். ஓடும்போது மாறும் தகவலை அதில் வைத்தால் பிழைகள் இன்னும் ஆழமாகப் புதையும். இரண்டுக்கும் எழுதும் சொல் ஒன்றே என்பதால்தான் குழப்பம் நேர்கிறது.

இந்த வசதி மொழிக்கு வந்துசேர ஆறு ஆண்டுகள் பிடித்தன. 2000இல் ஃபிளாஷ் 5உடன் வந்த முதல் பதிப்பில் வகுப்பு என்ற சொல்லே கிடையாது. ஒரு மதிப்பை மாற்றவிடாமல் பூட்ட விரும்பியவர்கள் ஏஎஸ்செட்பிராப்ஃபிளாக்ஸ் என்ற, ஆவணப்படுத்தப்படாத செயற்கூறைத் தேடிப்போனார்கள். 2003இல் ஃபிளாஷ் எம்எக்ஸ் 2004 கொண்டுவந்த 2.0 பதிப்பில் வகுப்பும் ஸ்டாடிக்கும் இருந்தன, மாறிலியை அறிவிக்கும் கான்ஸ்ட் இல்லை. பெரிய எழுத்துகளில் பெயர் வைத்தால் அதைத் தொடக் கூடாது என்பது நிரலர்களிடையே இருந்த நாகரிகம் மட்டுமே; யார் வேண்டுமானாலும் அதற்குப் புதிய மதிப்பைக் கொடுத்துவிட முடியும். 2006இல் ஃபிளாஷ் பிளேயர் 9உடன் வந்த 3.0 பதிப்புதான் கான்ஸ்ட் என்ற சொல்லைத் தந்து, அந்த நாகரிகத்தைச் சட்டமாக்கியது.

மரபுரிமை விதியும் அப்போது மாறியது. 2.0இல் தாய் வகுப்பின் ஸ்டாடிக் உறுப்பைச் சேய் வகுப்பின் பெயரால் அழைக்கலாம். 3.0இல் ஸ்டாடிக் உறுப்புகள் மரபாக இறங்குவதில்லை. சேய் வகுப்பின் உடலுக்குள் இருந்தபடி தாயின் மாறிலியை வெறும் பெயரால் எட்டலாமே தவிர, வெளியிலிருந்து சேயின் பெயரை முன்னிட்டு எட்ட முடியாது. மவுஸ்ஈவென்ட் ஈவென்டின் சேய்தான். ஆனாலும் கம்ப்ளீட் என்ற மாறிலி வேண்டுமென்றால் ஈவென்டின் பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். பழைய பதிப்பிலிருந்து வந்தவர்களுக்கு இது முதலில் எரிச்சலூட்டும். ஒவ்வொரு பெயரும் தான் பிறந்த வகுப்பின் முகவரியோடு எழுதப்படுவதால், படிப்பவருக்கு இது பெரிய உதவி.

மாறிலி பெயரைக் காக்கிறது, மதிப்பைக் காப்பதில்லை. இதை உணராதவர்கள் தவறாமல் விழும் குழி ஒன்று உண்டு. நிறம் தேர்ந்தெடுக்கும் பலகை ஒன்றை ஒருவர் எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதற்கெனத் தனி நிகழ்வு வகுப்பு, அதில் சேஞ்ச் என்ற மாறிலி, அதன் மதிப்பு "சேஞ்ச்" என்ற அதே சொல் சிறிய எழுத்துகளில். எல்லாம் ஒழுங்காகவே தெரிகிறது. பலகைக்குள் நிற எண்ணைத் தட்டச்சு செய்ய ஒரு டெக்ஸ்ட்ஃபீல்ட் இருக்கிறது. பயனர் அதில் ஓர் எழுத்தைத் தட்டியதும் ஃபிளாஷின் சொந்த சேஞ்ச் நிகழ்வு பிறக்கிறது. அந்த நிகழ்வு மேல்நோக்கிக் குமிழியிடும் வகை. அது பலகை வரை ஏறி வந்து, வேறொரு நிகழ்வுக்காகக் காத்திருந்த செயற்கூறின் கதவைத் தட்டுகிறது. வகை பொருந்தாமல் 1034ஆம் எண் பிழை வெடிக்கிறது. இரு வகுப்புகள், இரு மாறிலிகள், இரண்டின் உள்ளேயும் ஒரே சரம்! கம்பைலருக்கு இந்த மோதல் கண்ணில் படாது. ஆகவே மாறிலியின் மதிப்பையும் தனித்துவமாக, "கலர்பேனல்சேஞ்ச்" என்பதுபோல் முன்னொட்டோடு அமைப்பதே முறை. ஃபிளெக்ஸ் சட்டகத்தின் எம்எக்ஸ்எம்எல் கோப்புகளில் நிகழ்வின் பெயரே பண்புக்கூறாக எழுதப்படுவதால், நடுவில் புள்ளி வைக்காமல் ஒரே சொல்லாகச் சேர்த்து எழுதுவது நல்லது.

நகலெடுத்து ஒட்டும் பழக்கமும் இதே வகைப் பிழையைப் பெற்றெடுக்கிறது. மேலுள்ள வரியை ஒட்டி, பெயரை மட்டும் மாற்றி, மதிப்பை மாற்ற மறந்தால் இரு மாறிலிகள் ஒரே நிகழ்வாகிவிடும்.

மொழியில் எண்ணியல் வகை, அதாவது ஈனம் (enum), இல்லை என்பது இதோடு தொடர்புள்ள குறை. ஃபிளாஷின் சொந்த நூலகமே அந்த இடத்தை ஸ்டாடிக் வகுப்புகளால் நிரப்புகிறது. ஸ்டேஜ்ஸ்கேல்மோட் என்ற வகுப்பில் நான்கு மாறிலிகள் உள்ளன, நான்கும் சரங்கள். திரையின் ஸ்கேல்மோட் பண்பும் சர வகைதான் என்பதால் கம்பைலர் எந்தச் சரத்தையும் அனுமதிக்கும். தவறானதைக் கொடுத்தால் ஓடும்போதுதான் 2008ஆம் எண் பிழை எழும். மாறிலியைப் பயன்படுத்தியவர் தப்பினார், சரத்தை நேரே எழுதியவர் மாட்டிக்கொண்டார். ஸ்டேஜ்அலைன் வகுப்பு இன்னும் நல்ல பாடம். அதில் மேல்-இடது மூலையைக் குறிக்கும் மாறிலியின் மதிப்பு இரண்டே எழுத்துகள். அந்த இரண்டெழுத்துச் சுருக்கத்தை நிரலில் பார்ப்பவர் நின்று யோசிக்க வேண்டும். மாறிலியின் முழுப்பெயர் தானே விளக்கிவிடுகிறது. இடது அம்புக்குறி விசைக்கு 37, இடைவெளி விசைக்கு 32 என்று கீபோர்ட் வகுப்பு பெயர் சூட்டியிருப்பதும் இதே கருணையால்தான்.

சரத்துக்குப் பதில், ஒரு வகுப்பு தன் சொந்த ஆப்ஜெக்ட்டுகளையே ஸ்டாடிக் மாறிலிகளாக வைத்திருக்கும் முறையும் உண்டு. "எளிது", "கடினம்" என இரண்டு ஆப்ஜெக்ட்டுகளை நிலை என்ற வகுப்பு தன்னுள் ஆக்கிவைத்தால், செயற்கூறின் அளபுருவை அந்த வகையாகவே அறிவிக்கலாம். அப்போது கம்பைலர் தவறான சரத்தை நுழையவே விடாது. ஆனால் 3.0இல் ஆப்ஜெக்ட்டைப் பிறப்பிக்கும் ஆக்கியைத் தனியுரிமையாக்க முடியாது. 2.0இல் இருந்த அந்த வசதி இதில் இல்லாமல் போனது உண்மையான இழப்பு. வகுப்பின் உடலில் கடைசியாக ஒரு ஸ்டாடிக் துண்டை எழுதி, "இனி யாரும் புதிதாக ஆக்கக் கூடாது" என்று ஒரு கொடியை ஏற்றி, ஆக்கி அதைப் பார்த்துப் பிழை எறியும்படி செய்வதே மாற்று வழி. இதற்கும் ஓர் எல்லை உண்டு. அந்த ஆப்ஜெக்ட்டைப் பைட்அரேயில் எழுதி மீண்டும் படித்தால் புதிய ஆப்ஜெக்ட் ஆக்கப்பட வேண்டும். கொடி அதைத் தடுக்கும், கொடி இல்லையென்றால் பழையதும் புதியதும் சமமல்ல என்றாகும். சேமிப்புக்கும் வலைப்பின்னல் பரிமாற்றத்துக்கும் போகும் மதிப்புகளுக்குச் சரமே உகந்தது.

கான்ஸ்ட் என்றதும் உள்ளே இருப்பதெல்லாம் உறைந்துவிட்டதாக எண்ணுவது மற்றொரு மயக்கம். எண், சரம் போன்ற எளிய மதிப்புகளுக்கு அது சரி. அணியைக் கான்ஸ்டாக அறிவித்தால், அந்தப் பெயர் வேறோர் அணியைச் சுட்டாது என்பது மட்டுமே உறுதி. அணிக்குள் சேர்க்கலாம், நீக்கலாம், வரிசையைப் புரட்டலாம். ஃபிளாஷ் பிளேயர் 10இல் வந்த வெக்டரை நீளம் மாறாததாக அமைத்தாலும் உறுப்புகளின் மதிப்பு மாறும். அணியைத் தனியுரிமையாக வைத்து, கேட்பவருக்கு ஸ்லைஸ் வழியே நகலைத் தருவதுதான் பாதுகாப்பு.

இனி செயற்கூறுகளுக்கு வருவோம். மேத் என்ற வகுப்பு ஸ்டாடிக் வடிவத்தின் உச்சம். அதை ஆப்ஜெக்ட்டாக ஆக்க முயன்றால் 1076ஆம் எண் பிழை. ஒரே உள்ளீட்டுக்குச் சைன், காஸ் எப்போதும் ஒரே விடை தரும், யாருடைய தகவலையும் தொடாது. கோணத்தை ரேடியனாக மாற்றுவது, எண்ணை எல்லைக்குள் அடக்குவது, நேரத்தை நிமிட விநாடியாக அச்சிடுவது போன்றவை இந்த வீட்டுப் பிள்ளைகள். ஸ்டாடிக் செயற்கூறுக்குள் திஸ் என்று எழுதினால் கம்பைலர் 1042ஆம் எண் பிழையால் மறுக்கும். அந்த மறுப்பை நல்ல கேள்வியாக எடுத்துக்கொள்ளலாம்: திஸ் தேவைப்படும் வேலை ஸ்டாடிக்காக இருக்கத்தான் வேண்டுமா?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் விளையாட்டின் மதிப்பெண், உயிர்களின் எண்ணிக்கை, தற்போதைய கட்டம் எல்லாவற்றையும் ஒரே ஸ்டாடிக் வகுப்பில் கொட்டுபவர்கள் பலர். முதல் ஆட்டம் அருமையாக ஓடும். "மீண்டும் விளையாடு" பொத்தானை அழுத்தினால், எதிரிகளும் கதாநாயகனும் புதிதாகப் பிறந்திருக்க, மதிப்பெண் மட்டும் பழைய ஆட்டத்தின் எச்சத்தோடு நிற்கும். வகுப்பு ஒருமுறைதான் தொடக்கநிலை பெறுகிறது. ஸ்டாடிக் மாறி பிடித்துவைத்திருக்கும் படமோ ஒலியோ குப்பை சேகரிப்பானிடம் போவதும் இல்லை.

எஸ்டபிள்யூஎஃப் கோப்புகளை ஒன்றுக்குள் ஒன்றாக ஏற்றும் திட்டங்களில் சிக்கல் இன்னும் கூடும். ஸ்டாடிக் என்பது உலகம் முழுவதற்கும் ஒன்று அல்ல, ஓர் அப்ளிகேஷன்டொமைனுக்கு ஒன்று. தாய்க் கோப்போடு தொடர்பில்லாத புதிய டொமைனில் சேய்க் கோப்பை ஏற்றினால், ஒரே பெயருள்ள வகுப்புக்கு இரண்டு பிரதிகள், இரண்டு மதிப்பெண்கள். தாயின் டொமைனிலோ அதன் கிளையிலோ ஏற்றினால் தாயின் வகுப்பே வெல்லும். ஒரு மாறிலியைப் புதிதாகச் சேர்த்துச் சேய்க் கோப்பை மட்டும் கம்பைல் செய்து வெளியிட்டால் என்ன ஆகும்? தாயிடம் இருப்பது அந்த மாறிலி இல்லாத பழைய வகுப்பு. கம்பைலர் முன்பே சரிபார்த்துவிட்ட பெயர், ஓடும்போது வெறுமையாகிறது. நிகழ்வுப் பெயர் வெறுமையாக இருக்கக் கூடாது என்ற 2007ஆம் எண் பிழை வருகிறது. மூல நிரலை எத்தனை முறை படித்தாலும் குற்றம் தெரியாது, ஏனென்றால் மூல நிரலில் குற்றம் இல்லை. இத்தகைய திட்டங்களில் மாறிலி வகுப்பைத் தொட்டால் எல்லாக் கோப்புகளையும் சேர்த்துக் கம்பைல் செய்வதைத் தவிர வேறு வழி கிடையாது.

தொடக்க வரிசையும் கவனத்துக்குரியது. ஸ்டாடிக் துண்டுகள் எழுதிய வரிசையில் மேலிருந்து கீழாக இயங்குகின்றன. கீழே கணக்கிடப்படவுள்ள ஒன்றை மேலே உள்ள வரி பயன்படுத்தினால், முழு எண்ணுக்கு 0, பின்ன எண்ணுக்கு நான் (NaN), சரம், அணி போன்றவற்றுக்கு நல் (null) என்ற இயல்பு மதிப்பே கிடைக்கும். இரு வகுப்புகள் ஒன்றன் மாறிலியை மற்றொன்று கேட்கும் வட்டத்தில் இது இன்னும் மறைவாக நடக்கும்.

வேகத்தைப் பொறுத்தவரை ஒரே ஒரு இடத்தில்தான் கணக்குப் பார்க்க வேண்டும். பழைய கம்பைலர்கள் மாறிலியின் மதிப்பை அழைக்கும் இடத்தில் பதிப்பதில்லை. ஓடும்போது வகுப்பைத் தேடி, பிறகு அதன் பண்பைத் தேடும் கட்டளைகளை இடுகின்றன. 640க்கு 480 அளவுள்ள படத்தில் 3,07,200 புள்ளிகளைத் தொடும் சுழற்சிக்குள் அந்தத் தேடல் வீண் செலவு. சுழற்சிக்கு முன் உள்ளூர் மாறியில் ஒருமுறை எடுத்துக்கொண்டால் போதும். மற்ற இடங்களில் வேகத்துக்காக மாறிலியைக் கைவிடுவது தவறான சிக்கனம்.

எல்லா மாறிலிகளையும் ஒரே கோப்பில் அடுக்கும் வழக்கம் குறித்துத் தயங்காமல் ஒன்று சொல்லலாம்: அது ஒழுங்கு போலத் தோன்றும் ஒழுங்கின்மை. 200 வரிகள் கொண்ட அந்தக் கோப்பைத் திட்டத்தின் ஒவ்வொரு வகுப்பும் நம்பியிருக்கும், எந்த மாறிலி யாருடையது என்று தெரியாது. பியூர்எம்விசி என்ற சட்டகத்தைப் பயன்படுத்தியோர் அறிவிப்புப் பெயர்களை முகப்பு வகுப்பில் மாறிலிகளாக வைத்தார்கள். சிறு பயன்பாட்டில் அது தெளிவாக இருந்தது, பயன்பாடு வளர வளர அந்த முகப்பே பெயர்ப்பட்டியலாக வீங்கியது. ஃபிளாஷின் நூலகம் காட்டும் வழி வேறு. நிகழ்வின் பெயர் நிகழ்வு வகுப்பில், விசையின் எண் விசைப்பலகை வகுப்பில், வட்டத்தின் விகிதம் மேத் வகுப்பில் என ஒவ்வொன்றும் தனக்குரிய வீட்டில் இருக்கிறது. சோதனைப் பதிப்புக்கும் வெளியீட்டுக்கும் இடையே மாறும் மதிப்புகளுக்கு ஃபிளெக்ஸ் 3 தந்த டிஃபைன் என்ற கம்பைலர் விருப்பம் இருக்கிறது. அவற்றையும் மாறிலிக் கோப்பில் திணிக்கத் தேவையில்லை.

உலாவிகளில் ஃபிளாஷின் காலம் 2020 டிசம்பர் 31உடன் முடிந்தது. நிரல்கள் முடிந்துவிடவில்லை. இந்த நிரல்களை உலாவிக்கு வெளியே ஓட்டும் ஏர் தளத்தை 2019 முதல் ஹார்மன் நிறுவனம் பேணிவருகிறது. பழைய விளையாட்டுகளை ஹேக்ஸ் மொழிக்குப் பெயர்ப்போரும் உண்டு. அந்தப் பெயர்ப்பில்தான் பழைய தெரிவுகளின் விலை தெரிகிறது. எண்ணையோ சரத்தையோ வைத்திருக்கும் ஸ்டாடிக் மாறிலி, ஹேக்ஸின் ஸ்டாடிக் இன்லைனாக ஒரே வரியில் மாறி, அழைக்கும் இடத்திலேயே மதிப்பு பதிகிறது. சரங்களால் ஆன எண்ணியல் வகுப்புகளுக்கு அங்கே உண்மையான ஈனம் காத்திருக்கிறது. கணக்குச் செயற்கூறுகள் ஏறக்குறைய அப்படியே இடம்பெயர்கின்றன. மதிப்பெண்ணையும் கட்டத்தையும் ஏற்றப்பட்ட படங்களையும் சுமந்த ஸ்டாடிக் வகுப்புகளை மட்டும், யார் எப்போது அவற்றை மாற்றுகிறார்கள் என்று வரி வரியாகத் தேடிப் பிரித்து எழுத வேண்டியிருக்கிறது.