14, 8, 12: தென் திருவிதாங்கூர்த் தேர்தல் முடிவுகளை எப்படி வாசிப்பது?

தென் திருவிதாங்கூரின் தமிழ்த் தாலுகாக்கள் தாய்த் தமிழகத்தோடு இணைந்த வரலாற்றை எழுதியோர் பலரும் மூன்று எண்களை ஒரே வரிசையில் அடுக்குகிறார்கள். திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் 1948இல் 14 இடங்களையும், 1952இல் 8 இடங்களையும், 1954இல் 12 இடங்களையும் வென்றது. இதிலிருந்து, இணைப்பு உணர்வு முதலில் பொங்கியது, இடையில் தளர்ந்தது, பிறகு மீண்டும் எழுந்தது என்று முடிவு கட்டுகிறார்கள். சட்டமன்றத் தேர்தலை மொழிக்கான பொதுவாக்கெடுப்பாகக் கொள்ளும் இந்த வாசிப்பை ஏற்க இயலாது.

முதலில், எண்கள் எந்த அவையிலிருந்து எடுக்கப்பட்டவை என்று பார்க்க வேண்டும். 1948இன் 120 பேர் அவை திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கு மட்டும் உரியது. 1949 ஜூலையில் கொச்சி சேர்ந்தது. 1952இன் 108 இடங்கள் இரு பகுதிகளுக்கும் பொதுவானவை. 1941 கணக்கெடுப்பில் திருவிதாங்கூரின் மக்கள் தொகை ஏறத்தாழ 60 லட்சம், கொச்சியின் மக்கள் தொகை ஏறத்தாழ 14 லட்சம். அந்த விகிதத்தில் 108இல் திருவிதாங்கூருக்கு 87, 88 இடங்கள் வரும். பழைய 14ஐ இந்த அளவுக்குச் சுருக்கினால் 10 கிடைக்கிறது. ஆக, ஆறு இடச் சரிவு என்று பேசப்பட்டது உண்மையில் இரண்டு இடச் சரிவு. தொகுதி எல்லைகள் மாறியதையும், இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்ததையும் கருதினால் இந்தக் கணக்கைத் துல்லியமானதாகச் சொல்ல முடியாது. ஆனால் ‘தளர்ச்சி’ என்ற பெரிய சொல்லைத் தாங்கும் வலு அந்த 8க்கு இல்லை என்பதைக் காட்ட இது போதும்.

1948க்கு வேறொரு தனித்தன்மையும் உண்டு. அதற்கு முந்தைய தேர்தல்களில் வாக்குரிமை நிலவரியையும் சொத்தையும் ஒட்டியே நின்றது. விளவங்கோட்டுப் பனையேறியும் குளச்சல் கரையில் மடி இழுப்பவரும் அந்த வரம்புக்கு வெளியே கிடந்தவர்கள். வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கு வந்தபோது, சமஸ்தானத்துக்கு அரசியல் சட்டம் வகுக்கும் அவைக்கே அவர்கள் ஆள் அனுப்பினார்கள். அனுப்பப்பட்டவர்களோ அந்தச் சமஸ்தானத்தை விட்டுப் பிரிய வேண்டும் என்றவர்கள். இதை வெறும் மொழிக் கணக்காகச் சுருக்குவது அந்த வாக்காளருக்கு இழைக்கும் அநீதி.

இத்தகைய கணக்குப் பிழைக்கு அமெரிக்கக் குடியரசின் தொடக்க காலத்தில் ஒரு முன்னுதாரணம் இருக்கிறது. மாசசூசெட்ஸிலிருந்து மெய்ன் பிரிவதற்கு ஒன்பதில் ஐந்து பங்கு வாக்கு வேண்டும் என்று 1816இல் சட்டம் சொன்னது. ஆதரவு பாதியைத் தாண்டியது. ஐந்து பங்கை எட்டவில்லை. பிரன்ஸ்விக்கில் கூடிய மாநாடு ஒவ்வோர் ஊரிலும் கிடைத்த வாக்கு வித்தியாசங்களை மட்டும் திரட்டி, பங்கு எட்டிவிட்டதாக அறிவித்தது. மாசசூசெட்ஸ் சட்டமன்றம் அதை ஏற்கவில்லை. மெய்ன் தனி மாநிலமாக 1820 வரை காத்திருந்தது. அங்கே கேள்வியாவது நேரடியாகக் கேட்கப்பட்டது. நம் தாலுகாக்களில் அந்தக் கேள்வி வாக்குச்சீட்டில் அச்சாகவே இல்லை.

அப்படியானால் அந்த இடங்கள் எதற்குப் பயன்பட்டன? விடை அவைக்குள் இருந்த பலத்தில் இருக்கிறது. 1948இல் காங்கிரசிடம் 97 இடங்கள். 14 பேர் பேசலாம், எதையும் அசைக்க முடியாது. 1952இல் காங்கிரசுக்குக் கிடைத்தது 44 மட்டுமே. பெரும்பான்மைக்கு 55 வேண்டும். எட்டுப் பேரின் ஆதரவு ஏ.ஜே. ஜான் அமைச்சரவைக்கு உயிர்நாடியாயிற்று. 1953 செப்டம்பரில் அது கவிழ்ந்ததில் அவர்கள் ஆதரவை விலக்கிக்கொண்டதற்குப் பெரும் பங்குண்டு. ‘தளர்ந்த’ ஆண்டுகளில்தான் நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் ஓர் அரசையே வீழ்த்தும் வலிமையோடு இருந்தது.

1954இல் நிலைமை தலைகீழ். இடங்கள் 12 ஆயின, எடை குறைந்தது. 19 உறுப்பினர்கள் கொண்ட பிரஜா சோஷலிஸ்ட் கட்சியின் பட்டம் தாணு பிள்ளை, காங்கிரசின் 45 பேர் வெளியிலிருந்து தாங்க, 117 பேர் அவையில் ஆட்சி அமைத்தார். பன்னிரண்டு பேரும் தேவையற்றவர்களாகினர். சில மாதங்களில், ஆகஸ்ட் 11 அன்று, மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் இணைப்புப் போராட்டக்காரர்கள் மீது போலீஸ் துப்பாக்கிகள் வெடித்தன. அவைக் கதவு அடைபட்டதுதான் போராட்டத்தைத் தெருவுக்குத் தள்ளியது என்று அறுதியிட்டுச் சொல்லத் தயங்குகிறேன். காலவரிசை அப்படித்தான் சுட்டுகிறது. 1955 பிப்ரவரியில் பட்டம் அமைச்சரவை விழுந்து, பனம்பிள்ளி கோவிந்த மேனன் ஆட்சி அமைத்தபோது, அதே 12 மறுபடி எடை பெற்றது.

இது நாடார் சமூகத்தின் எழுச்சி மட்டுமே என்ற மறுப்பு நெடுநாளாக உலவுகிறது. மேற்குத் தாலுகாக்களில் அச்சமூகத்தின் பங்கு மிகப் பெரியது. அதை யாரும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் தேவிகுளத்திலும் பீர்மேட்டிலும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வாக்கில் இதே கட்சி வென்றதை அந்த விளக்கத்தால் விளக்க முடியாது. அதற்கு மேல் இங்கு விவாதம் தேவையில்லை.

தேவிகுளம், பீர்மேடுதான் பொதுவாக்கெடுப்பு வாசிப்பை இறுதியாக முறியடிக்கின்றன. 1955இல் அறிக்கை தந்த மாநிலச் சீரமைப்பு ஆணையம் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகியவற்றைச் சென்னையோடு சேர்க்கப் பரிந்துரைத்தது. தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் தரவில்லை. அங்குள்ள தமிழரில் பெரும்பாலோர் நிலைகொள்ளாத் தோட்டத் தொழிலாளர் என்ற வாதத்தை அது ஏற்றது. தேர்தல் வெற்றிதான் அளவுகோல் என்றால் இவ்விரண்டும் 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தில் இருந்திருக்க வேண்டும். மூணாற்றுத் தொழிலாளி அகஸ்தீஸ்வரத்து விவசாயி போட்ட அதே கட்சிக்குத்தான் வாக்குப் போட்டார். ஒருவர் வாக்கு மண்ணின் வாக்காக ஏற்கப்பட்டது. மற்றவர் வாக்கு வந்தேறியின் வாக்காகத் தள்ளப்பட்டது.