புகை கக்காத புகைவண்டி

இருப்புப் பாதையில் ஓடும் ஊர்திக்குப் புகைவண்டி என்று நம் முன்னோர் பெயரிட்டனர். நீராவி எஞ்சின் போய் டீசல் எஞ்சின் வந்த பின்னும் அப்பெயர் பொருந்தியே வந்தது. ஆனால் 2018 செப்டம்பரில் ஜெர்மனியின் கீழ்ச் சாக்சனி மாநிலத்தில் பயணிகளுடன் ஓடத் தொடங்கிய இரண்டு வண்டிகள் நீராவியை மட்டுமே வெளிவிட்டன. நீராவி மீண்டும் வந்தது. கரியும் கொதிகலனும் வரவில்லை!

இதன் மூலக்கருத்து பழையது. நீரில் மின்சாரத்தைச் செலுத்தினால் ஹைட்ரஜனும் பிராணவாயுவும் பிரியும் என்பது முன்பே தெரிந்த உண்மை. அதைத் தலைகீழாகச் செய்து பார்த்தவர் வேல்ஸ் நாட்டு வழக்கறிஞரான வில்லியம் குரோவ். 1839-இல் பிளாட்டினத் தகடுகளின்மேல் அவ்விரு வாயுக்களையும் கூடச் செய்து மின்சாரம் பிறக்கக் கண்டார். எனினும் நெடுங்காலம் அது ஆய்வுக்கூட விந்தையாகவே இருந்தது. 1959-இல் பிரான்சிஸ் தாமஸ் பேக்கன் என்ற ஆங்கிலப் பொறியியலார் 5 கிலோவாட் ஆற்றல் தரும் எரிபொருள் மின்கலத்தை இயக்கிக் காட்டினார். அவ்வழி வந்த கலங்களே அப்போலோ விண்கலங்களுக்கு மின்சாரத்தையும், வீரர்களுக்குக் குடிநீரையும் அளித்தன.

ஜெர்மன் வண்டியைச் செய்தது அல்ஸ்தோம் நிறுவனம். கூரைமேல் மின்கலமும் வாயுத் தொட்டிகளும், அடியில் பேட்டரி. ஒருமுறை நிரப்பினால் ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர் ஓடும். மேலே மின்கம்பி இல்லாத பாதைகளில் டீசலுக்கு மாற்றாக இதை மாநிலம் தேர்ந்தது. 14 வண்டிகளும் அவற்றின் ஏற்பாடுகளும் சேர்ந்த திட்டத்தின் செலவு 9 கோடியே 30 இலட்சம் யூரோ. 2022 ஆகஸ்டில் அவ்வண்டிகள் ஓடத் தொடங்கியபோது, ஆண்டுக்கு 16 இலட்சம் லிட்டர் டீசல் மிச்சமாகும் என்று கணக்கிட்டனர்.

இங்கே ஒரு கேள்வி எழ வேண்டும்: அந்த ஹைட்ரஜன் எங்கிருந்து வருகிறது? உலகில் ஆக்கப்படும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி இயற்கை வாயுவிலிருந்தும் நிலக்கரியிலிருந்தும் எடுக்கப்படுவதே. அப்போது வண்டியில் இல்லாத கரியமில வாயு ஆலையில் வெளியேறுகிறது. காற்றாலை மின்சாரத்தால் நீரைப் பிரித்தால் அக்குறை நீங்கும். ஆனால் பிரித்து, அழுத்தி, மீண்டும் மின்சாரமாக்குவதற்குள் சக்கரத்தைச் சேர்வது மூன்றில் ஒரு பங்களவே. மின்சாரத்தை நேரே பேட்டரியில் ஏற்றினால் இழப்பு மிகக் குறைவு.

முதன்முதலில் துணிந்த அதே மாநிலம் 2023-இல் இக்கணக்கைப் பார்த்தது. இனி வாங்கும் வண்டிகளில் 102 பேட்டரி வண்டிகளாக இருக்கட்டும், இயக்கச் செலவு அதில் குறைவு என்று முடிவு செய்தது.