குடியைப் பற்றிக் கேள்வி கேட்க யார் காசு கொடுப்பது?

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது சித்தப்பா மகன் ஒரு கேள்வி கேட்டான். சமூகப்பணியில் முதுகலை முடித்து, இப்போது முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருக்கிறான். ஆலங்குடிப் பக்கம் நாலைந்து ஊர்களில் குடிப்பழக்கம் பற்றி வீடு வீடாகப் போய் விசாரிக்க ஆசை. "அண்ணே, எப்பப் பாத்தாலும் பழைய ரிப்போர்ட்டுன்னு தேடிக்கிட்டே இருக்கீங்களே, இதுக்கு எங்கயாச்சும் பணம் கெடைக்குமா?"

அவன் ஏன் இந்தத் தலைப்பை எடுத்தான் என்று எனக்குத் தெரியும். சித்தப்பா 46 வயசில் போய்ச் சேர்ந்தார். குடிதான் காரணம் என்று தெருவுக்கே தெரியும். ஆனால் யார் கேட்டாலும் நாங்கள் சொல்வது "மஞ்சள் காமாலை". இப்படி எத்தனை வீட்டில் எத்தனை மஞ்சள் காமாலை இருக்கும்? கணக்கு இல்லை. என் தொழில் பாஷையில் சொன்னால், லாக் எழுதாத சிஸ்டத்தில் பிழை தேடுவது மாதிரி.

பெங்களூர் திரும்பியதும் தேட ஆரம்பித்தேன். பணம் எங்கே கிடைக்கும் என்று தேடப் போய், இதுவரை யார் பணம் கொடுத்தார்கள் என்ற வரலாறுதான் முதலில் கையில் சிக்கியது.

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. அதன் பொருளாதார விளைவுகளைச் சென்னைப் பல்கலைக்கழகம் ஆராய்ந்து நூலாகவே வெளியிட்டது. கவனியுங்கள், கேள்வி பணத்தைப் பற்றியது. அரசின் கவலையும் அதுதான். கள்ளு, சாராய வருமானம் போனால் கஜானாவுக்கு என்ன வழி? 1939-ல் வந்த சென்னைப் பொது விற்பனை வரிச் சட்டம் அந்தப் பள்ளத்தை நிரப்ப வந்ததுதான். நாம் இன்று கட்டும் ஜிஎஸ்டிக்கு அதைத் தாத்தா என்று சொல்லலாம்.

அப்போது புதுக்கோட்டை தனி சமஸ்தானம். 1948 மார்ச் 3-ல் இந்தியாவோடு இணைந்து திருச்சி மாவட்டத்துக்குள் போனது. அதே ஆண்டு அக்டோபரில் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1963-ல் திட்டக் கமிஷன் நீதிபதி டேக் சந்த் தலைமையில் மதுவிலக்கு ஆய்வுக் குழு அமைத்தது. இதுவும் அரசுக் காசு, அரசுக் கேள்வி.

1971-ல் தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்ந்தது. நடுவில் மூடித் திறந்த கதையெல்லாம் உங்களுக்குத் தெரியும். 1983-ல் டாஸ்மாக் பிறந்தது, 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. 2003-04-ல் சுமார் 3,640 கோடி ரூபாயாக இருந்த அரசின் மது வருவாய் 2024-25-ல் 48,344 கோடி. விற்பவரும் அரசு, விளைவை ஆராயப் பணம் தர வேண்டியவரும் அரசு. சிக்கல் புரிகிறதல்லவா?

சரி, தனியாரிடம் போகலாமா? அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். தினமும் ஒரு கிளாஸ் குடித்தால் இதயத்துக்கு நல்லதா என்று சோதிக்க 10 கோடி டாலரில் பெரிய ஆய்வு ஒன்று திட்டமிட்டார்கள். நடத்தியது அரசு நிறுவனமான தேசிய சுகாதார நிறுவனம். செலவில் பெரும்பகுதி மதுபானக் கம்பெனிகளிடமிருந்து. அதிகாரிகளே கம்பெனிகளிடம் போய்ப் பேசிப் பணம் கேட்டது 2018 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் மூலம் வெளியே வந்தது. ஜூனில் ஆய்வையே மூடிவிட்டார்கள். ஆய்வின் வடிவமே சாதகமான பதிலை நோக்கிச் சாய்ந்திருந்தது என்பதுதான் குற்றச்சாட்டு. பொய் எழுத வேண்டியதே இல்லை, கேள்வியைக் கொஞ்சம் வளைத்தால் போதும்.

நல்ல உதாரணங்களும் உண்டு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் தன் கணவரைக் குடியால் இழந்தவர். 1980-ல் அவர் பெயரில் டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளையைத் தொடங்கினார். நம் பக்கத்துத் திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் கிராமத்திலேயே சிகிச்சை முகாம் நடத்தியவர்கள் இவர்கள். கோவாவில் 'சங்கத்' அமைப்பு வெல்கம் அறக்கட்டளைப் பணத்தில் செய்த ஆய்வு 2017-ல் லான்செட் இதழில் வந்தது. டாக்டர் அல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற சாதாரண ஆட்கள், ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்த ஆண்களிடம் சில தடவை உட்கார்ந்து பேசினார்கள். மூன்று மாதத்தில் ஆபத்தான குடியிலிருந்து மீண்டவர்கள் 36 சதவீதம். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 26 சதவீதம்.

அரசுப் பணத்திலும் நேர்மையான வேலை நடக்கும். சமூக நீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் தலைமையில் நடந்த கணக்கெடுப்பு 2019-ல் வெளியானது. இரண்டு லட்சம் வீடுகள். நாட்டில் சுமார் 16 கோடிப் பேர் குடிக்கிறார்கள், குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெற்றிருக்கிறார் என்று சொன்னது அதுதான்.

எனக்கு ரொம்பப் பிடித்த கதை நெல்லூர். 1990-களின் தொடக்கத்தில் எழுத்தறிவு வகுப்புக்கு வந்த பெண்கள் சாராயத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்து, கடைசியில் ஆந்திராவே 1993-ல் சாராயத்தைத் தடை செய்தது. பணம் வந்தது எழுத்தறிவுக்கு. கேள்வி எழுந்தது சாராயத்தைப் பற்றி. அதே வருஷங்களில் எங்கள் புதுக்கோட்டையில் கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்து அறிவொளி இயக்கம். எங்க அம்மா சைக்கிள் கத்துக்கிட்டது அப்பதான்.

தம்பிக்கு நான் எழுதி அனுப்பியது இதுதான். மருத்துவக் கோணம் என்றால் ஐசிஎம்ஆர். சமூக, பொருளாதாரக் கோணம் என்றால் ஐசிஎஸ்எஸ்ஆர். பெரிய அளவுக்குப் போனால் இந்தியா அலையன்ஸ். எங்கே போனாலும் நெறிமுறைக் குழு ஒப்புதல் முதலில் வேண்டும். கம்பெனிப் பணம் என்றால், கேள்வித்தாளைத் தயாரிப்பது யார், முடிவு பிடிக்காவிட்டால் வெளியிட விடுவார்களா என்று எழுத்தில் கேள். அதுவரைக்கும் சும்மா இருக்க வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் 'ஆடிட்' கேள்வித்தாள் இலவசம். பத்தே கேள்வி. ஒப்புதல் கிடைத்ததும் ஒரே ஒரு ஊரில் செய்து பார், பஸ் செலவு என்னுடையது.

ரெண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "சரிண்ணே. வீட்டுல யாராச்சும் குடியால செத்தாங்களான்னு ஒரு கேள்வி சேக்கணும். மொதல்ல நம்ம வீட்டுல கேட்டுட்டு ஆரம்பிக்கிறேன்."

சித்தியிடம் அவன் கேட்டானா என்று நான் இன்னும் விசாரிக்கவில்லை.