ஆலைச் சங்கும் உடலின் கடிகாரமும்

பிழைப்பு நாடி வெளி மாநிலங்களுக்கு வந்த நம்முள் பலர், ஊர் விழிக்கும் வேளையில் கண் சிவந்து வீடு திரும்புகின்றனர். இவ்வழக்கம் பிறந்த வரலாற்றைச் சற்றே நினைத்துப் பார்ப்போம்.

பம்பாயில் பஞ்சாலைகள் தோன்றிய நாளில் தொழிலாளியின் கடிகாரம் கதிரவனே. இருள் சூழ்ந்தால் தறியும் நின்றது. மின்விளக்கு வந்ததும் அவ்வரம்பு அழிந்தது. 1905-ஆம் ஆண்டளவில் சில ஆலைகள் நாளொன்றுக்கு 14, 15 மணி நேரம் ஓடின; தொழிலாளர் கொதித்தெழுந்தனர். 1911-ஆம் ஆண்டுச் சட்டம் நெசவாலைகளில் ஆடவரின் வேலையை 12 மணி நேரத்துக்குள் அடக்கியது. பின்னர் ஜாம்ஷெட்பூர் எனப் பெயர் பெற்ற சாக்சியில், டாட்டா எஃகு ஆலை 1912-இல் 8 மணி நேர வேலையை ஏற்றது. 1948-ஆம் ஆண்டுச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என வரையறுத்தது.

ஆயினும் ஊதுலையை நினைத்தபோது அணைத்து மூட்ட இயலாது. ஆகவே இரவும் ஒரு ஷிப்டாயிற்று. உழைப்பின் நீளத்தை அளந்த சட்டம், அதன் வேளையைப் பெண்கள், சிறுவர் பொருட்டு மட்டுமே கருதியது. ஆடவருக்கு இரவும் பகலும் ஒன்றே என்பதுபோல விட்டுவிட்டது.

உடல் அவ்வாறு கருதவில்லை. 1938-இல் அமெரிக்க அறிஞர் கிளைட்மன், கென்டக்கி மாநிலத்து மாமத் குகையில் 32 நாட்கள் தங்கி, நாளை 28 மணி நேரமாக நீட்டி வாழ முயன்றார். உடன் தங்கிய இளைஞர் அதற்கு இணங்கினார். கிளைட்மனின் உடல் வெப்பமோ 24 மணிச் சுற்றை விடவில்லை. உடற்கடிகாரத்தைக் குலைக்கும் ஷிப்டு வேலை புற்றுநோய்க்கும் ஏதுவாகலாம் என உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் 2007-இல் அறிவித்தது. “போகப்போகப் பழகிவிடும்” என்னும் ஆறுதல் எல்லார்க்கும் பொருந்தாது.

மதுரைப் பல்கலைக்கழகத்துச் சந்திரசேகரன் குழுவினர் வௌவால்களிடம் கண்டதும் இங்கு நினைக்கத்தக்கது. குகையிருளில் அடைபட்ட வௌவால், அந்தியில் வெளியே பறந்து வரும் தன் கூட்டத்தோடு இருக்கையில் வேளை தவறவில்லை. கூட்டத்தைப் பிரிந்ததும் அதன் கணக்கு நழுவியது.

மனிதனுக்கு ஒளியே முதல் வழிகாட்டி எனினும், சுற்றமும் துணை செய்யும். இராப்பணி முடித்தவர் உறங்கும் அறைச் சன்னலில் தடித்த திரையிடுவோம்; வானொலியின் ஒலியைத் தணிப்போம்; அவரது உறக்கவேளையை நாள்தோறும் மாற்றாது காப்போம். பகலில் உறங்குபவரைச் சோம்பேறி என்னாதிருப்போம். சட்டம் அளக்காது விட்டதை இல்லமேனும் அளக்கட்டும்.