கிரேட்ஃபுல் டெட்: மேடைக்குப் பின்னால் உழைத்தவர்கள்

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1965இல் உருவான சைக்கடெலிக் ராக் இசைக்குழு கிரேட்ஃபுல் டெட். இதன் ரசிகர்கள் ‘டெட்ஹெட்ஸ்’ என அழைக்கப்படுகின்றனர்.

1974இல் இக்குழு ‘வால் ஆஃப் சவுண்ட்’ எனும் ஒலியமைப்புடன் ஊர் ஊராகச் சென்றது. அதில் 600க்கும் மேற்பட்ட ஒலிபெருக்கிகள். எடை சுமார் 75 டன். ஓர் ஊரில் கச்சேரி நடக்கும்போதே அடுத்த ஊரில் இன்னொரு மேடை எழும்பும். அத்தனையையும் சுமந்து, அடுக்கி, பிரித்தவர்கள் மேடைப் பணியாளர்களே. செலவும் களைப்பும் கூடியதால், அவ்வாண்டு அக்டோபரில் குழு பயணத்தை நிறுத்தி வைத்தது.

பணியாளர்களின் தலைவர் லாரன்ஸ் ஷர்ட்லிஃப். ‘ராம்ராட்’ என்றால்தான் ரசிகர்களுக்குத் தெரியும். 1967இல் சேர்ந்த அவர், பின்னாளில் குழுவின் நிறுவனத்திற்கே தலைவரானார். 2006இல் காலமானார்.

ரசிகர்கள் கச்சேரிகளை நாடாவில் பதிவு செய்ய குழு அனுமதித்தது. 1984இல் அதற்கெனத் தனி இடமும் ஒதுக்கியது. விற்கக் கூடாது என்பதே நிபந்தனை. கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1977 மே 8ஆம் தேதி நடந்த கச்சேரி, அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. அதைப் பதிவு செய்தவரும் ஒரு பணியாளர்தான்: பெட்டி கேண்டர்.

1995இல் ஜெர்ரி கார்சியா மறைந்ததும் குழு கலைந்தது. ரசிகர்கள் பழைய நினைவுகளைப் பகிரும்போது, பாடியவர்களோடு பெட்டி தூக்கியவர்களையும் பெயர் சொல்லி நினைவுகூர்வது இதனால்தான்.